கிரெடிட் கார்டு பாயின்டில் பயணம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிரெடிட் கார்டு பாயின்டைக் கொண்டு விமான டிக்கெட் எடுக்க விரும்புகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எந்த கார்டு வாங்கலாம்?" அதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. எங்கே போகப் போகிறீர்கள், எந்த மாதம், எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்பேன். கார்டை முதலில் வாங்கி, ஆண்டுக்கணக்கில் பாயின்ட் சேர்த்து, தங்களுக்குத் தேவையான வழித்தடத்தில் அது செல்லாது என்பதைக் கடைசியில் தெரிந்துகொண்டவர்கள் பலர்.

இந்த வேலையில் வரிசை மாறினால் காரியம் கெடும். பயணம் முதலில், அதற்கேற்ற மைல் திட்டம் (விமான நிறுவனம் நடத்தும் வெகுமதித் திட்டம்; அதில் சேரும் மைல்களைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம்) அடுத்து, அந்தத் திட்டத்துக்குப் பாயின்டை அனுப்பக்கூடிய கார்டு அதற்கும் பிறகு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கடந்த மூன்று மாதச் செலவுக் கணக்கு, உங்கள் கடன் மதிப்பெண் அறிக்கை, பயணம் செய்யப்போகும் எல்லோருடைய பாஸ்போர்ட். செலவுக் கணக்கு இல்லாமல் கார்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. அறிக்கையில் தவறான நிலுவை ஏதாவது இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்த வேண்டும். பாஸ்போர்ட் எதற்கு என்பது ஏழாவது படியில் தெரியும்.

ஏற்கெனவே ஏதாவது கார்டில் நிலுவை வைத்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதை முழுவதும் அடைத்த பிறகு முதல் படிக்கு வாருங்கள்.

1. முழு நிலுவையும் தானாகக் கட்டப்படும்படி அமையுங்கள்

சாதாரணச் செலவில் ஒரு கார்டு திருப்பித் தருவது பெரும்பாலும் செலவில் ஒன்று முதல் மூன்று சதவீதம். நிலுவைக்கு விதிக்கப்படும் வட்டியோ பல நாடுகளில் ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. இரண்டு மாதம் நிலுவை வைத்தாலே அந்தச் செலவில் கிடைத்த பாயின்ட் முழுவதும் கரைந்துவிடும்.

ஆட்டோ டெபிட் அமைக்கும் திரையில் பொதுவாக இரண்டு தேர்வுகள் இருக்கும்: மொத்த நிலுவை, குறைந்தபட்சத் தொகை. சில செயலிகளில் குறைந்தபட்சத் தொகை முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அதைக் கவனிக்காமல் உறுதி செய்துவிட்டு, "நான்தான் மாதா மாதம் கட்டுகிறேனே, வட்டி எங்கிருந்து வந்தது?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிலுவை ஒரு மாதம் தங்கிவிட்டால், பெரும்பாலான வங்கிகளில் அதன்பின் வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள். அதற்குக் கட்டணம் உண்டு, வட்டி முதல் நாளே தொடங்கும், பாயின்டும் கிடைக்காது.

2. பயணத்தை எழுதி வையுங்கள்

ஒரு தாளில் நான்கு விஷயங்கள்: போகும் இடம், மாதம், எத்தனை பேர், தேதியை எத்தனை நாள் முன்பின் நகர்த்த முடியும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மைலில் தரப்படும் இருக்கைகள் எண்ணிக்கையில் குறைவு. பள்ளி விடுமுறையில் நான்கு பேருக்கு ஒரே விமானத்தில், அதுவும் குறிப்பிட்ட ஒரே தேதியில் வேண்டுமென்றால் கிடைப்பது கடினம். இருவர், ஐந்து நாள் தளர்வு என்றால் வாய்ப்பு வெகுவாகக் கூடும்.

பிறகு, உங்கள் விமான நிலையத்திலிருந்து அந்த இடத்துக்கு எந்தெந்த நிறுவனங்கள் போகின்றன என்று பாருங்கள். அந்த நிறுவனங்கள் எந்தக் கூட்டணியில் இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம் என்று மூன்று பெரிய கூட்டணிகள் உண்டு. ஒரு கூட்டணியில் ஒரு நிறுவனத்தின் மைலை வைத்து இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் பறக்கலாம். லுஃப்தான்சா விமானத்தில் இருக்கை எடுக்க யுனைடெட், ஏர் கனடா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகியவற்றின் மைல்களும் செல்லும். ஆகவே நீங்கள் ஏறப்போகும் விமானத்தின் மைலைத்தான் சேர்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

3. மைல் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே விமானம், ஒரே இருக்கை. ஆனால் ஒவ்வொரு திட்டமும் கேட்கும் மைல் வேறு, வசூலிக்கும் கூடுதல் கட்டணமும் வேறு. டிக்கெட்டில் அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் தவிர, விமான நிறுவனமே சேர்க்கும் எரிபொருள் கட்டணம் என்று ஒன்று உண்டு. நீண்ட தூர விமானங்களில் இது பெருந்தொகையாக வரும். யுனைடெட் மைலேஜ்பிளஸ், ஏர் கனடா ஏரோபிளான் ஆகிய இரண்டும் மைல் டிக்கெட்டில் இதை வசூலிப்பதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸின் நீண்ட தூர விமானங்களில் இது அதிகம். "மைலில் எடுத்தும் இவ்வளவு பணம் கட்டச் சொல்கிறதே" என்று திகைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இணையதளத்தில் நீங்கள் எழுதி வைத்த வழித்தடத்தை இரண்டு மூன்று திட்டங்களில் தேடிப் பாருங்கள். கணக்குத் தொடங்க எதுவும் செலவாகாது. கேட்கும் மைல், கட்ட வேண்டிய பணம் இரண்டையும் குறித்து வையுங்கள். அந்த எண்தான் உங்கள் இலக்கு. இலக்கு இல்லாமல் சேர்ப்பவர்கள் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். அதற்குள் விமான நிறுவனம் மைல் விகிதத்தை உயர்த்திவிடுகிறது. பாயின்ட் வட்டி ஈட்டும் சேமிப்பு அல்ல. நாளாக ஆக அதன் மதிப்பு குறையத்தான் செய்யும்.

4. இப்போது கார்டைத் தேடுங்கள்

கார்டுகள் தரும் பலனை மூன்றாகப் பிரிக்கலாம். ஒரே விமான நிறுவனத்தின் மைலைத் தருபவை; ஒரே ஓட்டல் குழுமத்தின் பாயின்டைத் தருபவை; வங்கியின் சொந்த பாயின்டைத் தந்து, அதைப் பல திட்டங்களுக்கு மாற்றிக்கொள்ள அனுமதிப்பவை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது மூன்றாவது வகையை. ஒரு திட்டம் விகிதத்தை உயர்த்தினால் இன்னொன்றுக்குப் போகலாம் என்ற பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

ஒப்பிடும்போது "100க்கு எத்தனை பாயின்ட்" என்ற விளம்பர வாசகத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கார்டு 100 செலவுக்கு 4 பாயின்ட் தருகிறது, நான்கு பாயின்ட் ஒரு மைலாக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று 2 பாயின்ட்தான் தருகிறது, ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாறுகிறது. முதல் கார்டில் கிடைப்பது ஒரு மைல், இரண்டாவதில் இரண்டு. எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்த கார்டு பாதிதான் தருகிறது. எந்த கார்டாக இருந்தாலும் கடைசியில் கையில் வரும் மைலாக மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

அடுத்து, சிறிய எழுத்தில் இருக்கும் நிபந்தனைகள். எரிபொருள், வாடகை, வரி, காப்பீடு, மின்பணப்பைக்குப் பணம் ஏற்றுதல் போன்றவற்றுக்குப் பல கார்டுகள் பாயின்ட் தருவதில்லை, அல்லது குறைத்துத் தருகின்றன. மாத உச்சவரம்பு இருக்கலாம். "ஒவ்வொரு 150க்கும்" என்று எழுதியிருந்தால், 290 செலவழித்தாலும் ஒரு 150க்கு மட்டுமே பாயின்ட். மீதி 140 வீண். மைலாக மாற்றக் கட்டணம் உண்டா, வெளிநாட்டுச் செலவுக்கு எத்தனை சதவீதம் கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

ஆண்டுக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 5,00,000 செலவு செய்கிறீர்கள், 100க்கு 2 மைல் என்றால் 10,000 மைல். ஒரு மைலின் மதிப்பு 1.2 என்று கொண்டால் 12,000. அதில் ஆண்டுக் கட்டணம் 5,000 போனால் மிச்சம் 7,000. ஆண்டுக் கட்டணமே இல்லாமல் 1.5 சதவீத கேஷ்பேக் தரும் கார்டு இதே செலவுக்கு 7,500 தரும். இப்படி வந்தால் கேஷ்பேக் கார்டை எடுத்துக்கொண்டு டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்குவதே மேல். ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பயணம் செய்யாதவர்களுக்கும் என் பரிந்துரை அதுதான்.

5. ஒரு கார்டுக்கு மட்டும், சரியான நேரத்தில் விண்ணப்பியுங்கள்

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் கடன் வரலாற்றைக் கேட்டு வாங்கும். அது பதிவாகி, மதிப்பெண்ணைச் சற்றுக் குறைக்கும். ஒரே மாதத்தில் மூன்று வங்கிகளில் விண்ணப்பித்தால், பணத்துக்கு அலைகிறவர் என்ற தோற்றம் வரும். வீட்டுக்கடன் போன்ற பெரிய கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அது முடியும்வரை புதிய கார்டு வேண்டாம்.

புதிய கார்டில் பெரும்பாலும் வரவேற்பு போனஸ் உண்டு: குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட தொகையைச் செலவழித்தால் மொத்தமாகப் பாயின்ட். சாதாரணச் செலவில் ஓர் ஆண்டு சேர்ப்பதைவிட இது அதிகமாக இருக்கக்கூடும். ஏற்கெனவே திட்டமிட்ட பெரிய செலவு ஒன்று வரும் சமயத்தில் விண்ணப்பித்தால் இலக்கை எளிதாக எட்டலாம். அந்தச் செலவு விலக்குப் பட்டியலில் இல்லையா என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. காலக்கெடு பல வங்கிகளில் கார்டு அனுமதிக்கப்பட்ட நாளிலிருந்தே தொடங்குகிறது. கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுபவர்கள் தவறவிடுகிறார்கள். ஆண்டுக் கட்டணமும், திருப்பிக் கொடுத்த பொருளின் விலையும் செலவில் சேராது. மூன்றாவது தவறு, இலக்கை எட்டுவதற்காகவே தேவையில்லாத பொருளை வாங்குவது. போனஸின் மதிப்பைக் காட்டிலும் அந்தப் பொருளின் விலை அதிகம் என்பது பில் வந்த பிறகுதான் உறைக்கும்.

6. அன்றாடச் செலவை ஒழுங்குபடுத்துங்கள்

ஒவ்வொரு கடைக்கும் அதன் வணிக வகையைக் குறிக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. உங்களுக்குக் கூடுதல் பாயின்ட் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்த எண். நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பதை வங்கி பார்ப்பதில்லை. தங்கும் விடுதிக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்டால் அது உணவுச் செலவாகப் பதிவாகாமல் விடுதிச் செலவாகப் பதிவாகலாம். சந்தேகமாக இருந்தால் முதலில் சிறிய தொகைக்கு வாங்கி, எத்தனை பாயின்ட் வருகிறது என்று ஸ்டேட்மென்டில் பார்த்துவிட்டுப் பெரிய செலவைச் செய்யுங்கள்.

வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது, அந்த ஊர்ப் பணத்திலா உங்கள் ஊர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்கும். அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது கடைக்காரர் தரப்பு. அதில் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான்.

7. கணக்கின் பெயரும் பாஸ்போர்ட்டின் பெயரும்

மைல் கணக்கில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டும் எழுதும் வழக்கமுள்ள நம்மவர்களுக்கு இது பெரிய தலைவலி. வங்கியில் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் முழுப் பெயர், மைல் கணக்கில் இரண்டும் கலந்து என்று இருந்தால் பாயின்ட் மாற்றம் நிராகரிக்கப்படலாம். இருக்கை கண்ணில் தெரியும் நேரத்தில் பெயர் திருத்தத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. மாதங்களுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

8. இருக்கையைக் கண்ட பிறகே பாயின்டை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்கு மாற்றிய பாயின்ட் பொதுவாகத் திரும்பி வராது. வங்கியில் இருக்கும்வரை அது பல கதவுகளைத் திறக்கும் சாவி. மாற்றிய நொடியில் ஒரே கதவுக்கான சாவியாகிவிடும். மாற்றினால் 25 சதவீதம் கூடுதல் என்பதுபோலச் சலுகை வந்ததும் அவசரமாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பிறகு இருக்கை தேடத் தொடங்குபவர்கள் நிறைய. அவர்களுக்கு வேண்டிய வாரத்தில் இருக்கை இருக்காது, இருந்தால் இரண்டு மடங்கு மைல் கேட்கும். சில திட்டங்களில் காலாவதிக் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகின்றன.

தேடும் முறை இதுதான். போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாகத் தேடுங்கள்; சேர்த்துத் தேடினால் ஒரு பக்கம் இல்லாததால் இன்னொரு பக்கமும் மறைந்துவிடலாம். முதலில் ஒருவருக்குத் தேடி, பிறகு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பல நிறுவனங்கள் பயணத்துக்கு ஏறக்குறைய 11 முதல் 12 மாதங்களுக்கு முன்பே இருக்கைகளைத் திறக்கின்றன. விற்காத இருக்கைகளைப் பயண நாள் நெருங்கும்போது மறுபடியும் விடுவிப்பதும் உண்டு. இடைப்பட்ட மாதங்களில் கிடைக்காமல் சோர்ந்துபோகாதீர்கள்.

கூட்டாளி நிறுவனத்தின் இருக்கை திரையில் தெரிந்தும், முன்பதிவு செய்யப் போனால் பிழை காட்டும் சிக்கல் ஒன்று உண்டு. உண்மையில் இல்லாத இருக்கை அது. மாற்றும் முன் அதே கூட்டணியின் இன்னொரு திட்டத்திலும் அந்த இருக்கை தெரிகிறதா என்று பாருங்கள், அல்லது வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கேளுங்கள். சில நிமிட வேலைதான்.

9. மதிப்பைக் கணக்கிடுங்கள்

டிக்கெட்டின் விலையிலிருந்து, மைலில் எடுத்தாலும் கட்ட வேண்டிய வரியையும் கட்டணத்தையும் கழியுங்கள். வருவதை மைல் எண்ணிக்கையால் வகுங்கள். விலை 30,000, மைலில் எடுத்தால் 20,000 மைலும் 6,000 பணமும் என்றால், 24,000ஐ 20,000ஆல் வகுக்க ஒரு மைலுக்கு 1.2 வருகிறது.

இதே பாயின்டைப் பில்லில் கழித்துக்கொண்டால் வங்கி 0.5 தருகிறது என்றால் மைல் டிக்கெட் நல்ல பேரம். கணக்கு 0.4 என்று வந்தால் பணம் கொடுத்து டிக்கெட் வாங்குங்கள். மலிவு விலை விற்பனைக் காலத்தில் அடிக்கடி இப்படித்தான் வரும்.

பிசினஸ் வகுப்பில் இந்தக் கணக்கு 4, 5 என்றுகூட வரும். மயங்க வேண்டாம். அந்த விலையைக் கொடுத்து நீங்கள் ஒருபோதும் வாங்கப் போவதில்லை என்றால் அந்த மதிப்பு காகிதத்தில் மட்டும்தான். ஒருவர் வசதியாகப் போவதா, அதே மைலில் குடும்பமே சாதாரண வகுப்பில் போவதா என்பதை உங்கள் தேவையை வைத்து முடிவெடுங்கள்.

10. மாற்றி, உடனே முன்பதிவு செய்யுங்கள்

தேவையான அளவை மட்டும் மாற்றுங்கள். சில மாற்றங்கள் உடனே நடக்கும், சில பல நாட்கள் எடுக்கும். தாமதமாகும் திட்டம் என்றால், இருக்கையைச் சில நாள் பிடித்து வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன.

முன்பதிவு முடிந்ததும் ஆறு எழுத்துக் குறியீடு வரும். அது வந்துவிட்டதாலேயே டிக்கெட் உறுதி என்று எண்ணாதீர்கள். 13 இலக்க மின்டிக்கெட் எண் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லையென்றால் டிக்கெட் இன்னும் வெளியிடப்படவில்லை. கூட்டாளி நிறுவன விமானம் என்றால், அந்த நிறுவனத்தின் இணையதளத்திலும் உங்கள் பயணம் தெரிகிறதா என்று சரிபாருங்கள். அங்கே குறியீடு வேறாக இருக்கலாம்.

பயணத்தை ரத்து செய்தால் மைல்கள் விமான நிறுவனக் கணக்குக்கே திரும்பும், வங்கிக்கு அல்ல. ரத்துக் கட்டணத்தை முன்பே படித்து வையுங்கள். சர்வதேசப் பயணத்தில் மடியில் அமரும் கைக்குழந்தைக்கும் டிக்கெட் வேண்டும். அதை எப்படிச் சேர்ப்பது என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

11. ஓட்டல் பாயின்ட்

வங்கிப் பாயின்டை ஓட்டலுக்கு மாற்றுவது பெரும்பாலும் விமானத்துக்கு மாற்றுவதைவிடக் குறைந்த மதிப்பே தரும். ஒன்பதாவது படியின் கணக்கை இங்கும் போட்டுப் பாருங்கள். விதிவிலக்குகள் உண்டு: மேரியட் ஓட்டல் குழுமத்தின் பான்வாய் திட்டத்தில் தொடர்ந்து ஐந்து இரவுகளை முழுக்கப் பாயின்டில் எடுத்தால் நான்குக்கு மட்டுமே கழிக்கிறார்கள். அக்கோர் ஓட்டல் குழுமத்தின் திட்டத்தில் 2,000 பாயின்ட் என்றால் பில்லில் 40 யூரோ தள்ளுபடி. மதிப்பு நிலையாக இருப்பதால் ஏமாற்றமில்லை.

12. விமான நிலைய லவுஞ்ச்

கார்டுக்கு லவுஞ்ச் அனுமதி உண்டு என்று எழுதியிருந்தால் மூன்றைப் பாருங்கள்: ஆண்டுக்கு எத்தனை முறை, உடன் வருபவருக்கு உண்டா, முந்தைய மாதங்களில் குறைந்தபட்சச் செலவு வேண்டுமா. வாசலில் நின்று இவற்றைத் தெரிந்துகொண்டால் கூட வந்தவருக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

13. ஆண்டுக் கட்டணம் வரும் முன் மறுபரிசீலனை

கட்டணம் பிடிக்கப்படும் மாதத்துக்கு முந்தைய மாதத்தில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது படியின் கணக்கை, வரவேற்பு போனஸை விட்டுவிட்டு மறுபடியும் போடுங்கள். முதல் ஆண்டில் லாபமாக இருந்த கார்டு இரண்டாம் ஆண்டில் அப்படி இருக்காமல் போகலாம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று வங்கியைக் கேளுங்கள். இல்லையென்றால், கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய கார்டு தொடர்ந்தால் கடன் வரலாற்றின் நீளம் குறையாது என்பதால் மூடுவதைவிட மாற்றுவது நல்லது.

மூடியே ஆக வேண்டும் என்றால் முதலில் பாயின்டைப் பயன்படுத்துங்கள் அல்லது மாற்றுங்கள். கார்டோடு சேர்ந்து வங்கியில் உள்ள பாயின்டும் பெரும்பாலும் போய்விடும். விமான நிறுவனக் கணக்குக்குச் சென்றுவிட்ட மைலுக்குப் பாதிப்பில்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும்தான் இருக்கையைப் பார்க்காமல் மாற்றலாம் என்பேன். பிறகு அந்த கார்டில் ஓடிக்கொண்டிருக்கும் மாதாந்தரச் சந்தாக்களை வேறு கார்டுக்கு மாற்றி, நிலுவையைப் பூஜ்யமாக்கி, மூடியதற்கான கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால், கையில் உள்ள கடிதத்தின் நகலோடு வங்கிக்கு எழுதுங்கள்.